சீஃப் வீட்டு டேப்பு

பையைக் கொஞ்சம் பாத்து தம்பி, கால் படாம. உடையற சாமான் ஒண்ணும் இல்ல, ஆனா உள்ள ஒரு கேன்ல காஸ்டிக் இருக்குது. கார மருந்து. மூடி இறுக்கமாத்தான் இருக்கு, இருந்தாலும் உங்க பேன்ட்டு புதுசா தெரியுது. இந்தப் பக்கம் நகத்திக்கறேன். ஓசூர் வரைக்குமா? கிருஷ்ணகிரியா. சரி, அப்ப நேரம் இருக்குது. இந்த பஸ்ஸு பொம்மசந்திரா தாண்டவே இன்னிக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

என்ன வேலைன்னு கேக்கறீங்க. சொன்னா சிரிப்பீங்க. எல்லாரும் சிரிப்பாங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். குழாய் கழுவற வேலை. தண்ணிக் குழாய் இல்ல, பீர் வர்ற குழாய். பாட்டில்ல வராம, பேரல்லேர்ந்து டேப்பைத் திறந்தா கிளாஸ்ல ஊத்துமே, அந்த டேப்பு. பேரலுக்கும் டேப்புக்கும் நடுவுல ஒரு ட்யூப் போகும், அதை நாங்க லைன்னு சொல்லுவோம். லைனையும் டேப்பையும் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை கழுவியே ஆகணும். கழுவலைன்னா உள்ள வழவழன்னு பாசி பிடிக்கும். அப்புறம் வெள்ளையா கல்லு மாதிரி படியும், நம்ம வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்துல உப்பு படியுமே, அப்படி. குடிக்கறவனுக்கு முதல்ல ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் வெண்ணெய் வாடை அடிக்கும், ஒரு நாள் காடி வாடை அடிக்கும். பீர் மோசம்னு கம்பெனிக்காரனைத் திட்டுவான். பீர் மேல தப்பு இருக்காது தம்பி. குழாய் மேலதான் தப்பு.

இருபத்திரெண்டு வருஷமா இதான். பதினாறு வருஷம் ஒரு பப்புல இருந்தேன், பேரு வேண்டாம். அப்புறம் வீட்டு வேலை. பெங்களூர்ல இப்ப வசதியானவங்க ஒரு சின்ன ஃப்ரிட்ஜு, அதுக்குள்ள பேரலு, பின்னால கேஸ் சிலிண்டரு, மேல ஒரு டேப்புன்னு வீட்டுலயே வெச்சுக்கறாங்க. வாங்கி வெச்சுடுவாங்க, கழுவத் தெரியாது. பாத்திரம் தேய்க்கற சோப்பைப் போட்டுக் கிளாஸைக் கழுவி, துணியால துடைச்சும் வெச்சிருப்பாங்க. சோப்பும் எண்ணெய்ப் பசையும் பட்டா நுரையே நிக்காது. அப்புறம் எனக்கு போன் பண்ணி, தணிகாசலம், உங்க மெஷின் சரியில்லைன்னுவாங்க. நான் போய் கிளாஸை உப்பு போட்டுத் தேய்ச்சுக் குடுத்துட்டு வருவேன்.

என் சம்சாரம் கேப்பா, ஊரான் வீட்டு பீர்க் குழாயைக் கண்ணாடி மாதிரி வெச்சிருக்க, நம்ம வீட்டு சிங்க் அடைச்சு ஒரு மாசமாச்சு, அது கண்ணுக்குத் தெரியலையான்னு.

ஆனா ஒண்ணு. என் லைன்ல அழுக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தர் சொன்னதில்ல. இதை முதல்லயே சொல்லிடறேன். பின்னால நான் சொல்லப்போறதைக் கேட்டுட்டு நீங்க வேற மாதிரி நெனச்சுடக் கூடாது. என் லைன்ல அழுக்கு கிடையாது.

குக் டவுன்ல ஒரு வீடு. ரத்தினசபாபதின்னு பேரு, கப்பல்ல சீஃப் எஞ்சினியரா இருந்து ரிட்டயர் ஆனவரு. நம்ம நாகப்பட்டினத்துக்காரரு. நான் சீஃப்னுதான் கூப்பிடுவேன், அவருக்கு அதான் பிடிக்கும். சம்சாரம் போய்ச் சேந்துட்டாங்க. ஒரே பொண்ணு, மங்கையர்க்கரசி, ஸ்கூல்ல கணக்கு டீச்சர். அரசி அரசின்னு கூப்பிடுவாரு. அந்த வீட்டுல அவங்க ரெண்டு பேருதான். ஊர் ஊரா கப்பல்ல போனப்ப துறைமுகத்துல டேப்பு பீர் குடிச்சுப் பழகிட்டாரு. பாட்டிலைக் குடுத்தா மூஞ்சைத் திருப்பிக்குவாரு. வீட்டுல தானே மெஷினை செட் பண்ணிக்கிட்டாரு. எஞ்சினியர் ஆச்சே, ஃப்ரிட்ஜு கதவுல ஓட்டை போட்டது, சிலிண்டரு மாட்டினது, எல்லாம் அவரு கையாலதான். கழுவறது மட்டும் என் வேலை. பேரலும் நான்தான் கொண்டு போவேன், தெரிஞ்ச எடத்துலேர்ந்து, ஆட்டோவுல வெச்சு.

முதல் தடவை போனப்ப நடந்ததைச் சொல்றேன். காஸ்டிக் கலந்து இருபது நிமிஷம் லைன்ல சுத்த விட்டேன். பச்சைத் தண்ணி விட்டு அலசினேன். டேப்பைக் கழட்டி வாஷர் வாஷரா பிரஷ் போட்டேன். கடைசியில காகிதம் வெச்சுப் பாக்கணும், காரம் மிச்சம் இருந்தா காகிதம் நீலமாயிடும். ஆகல. பேரலை மாட்டி ஒரு கிளாஸ் ஊத்தி அவருகிட்ட நீட்டினேன். வாங்கலை. நீ குடின்னாரு. குடிச்சேன். இப்ப சொல்லு, ஓடுமா ஓடாதான்னாரு. எனக்குப் புரியல. ஓடிட்டுத்தானே இருக்குது சார்ன்னேன். அது எனக்குத் தெரியும், நீ சொல்லுன்னாரு. ஓடும்னேன். அப்புறம்தான் அவரு கிளாஸை எடுத்தாரு.

அதுக்கு ஒரு காரணம் வெச்சிருந்தாரு. அவரு கப்பல்ல ஒரு வழக்கமாம். மெஷினுக்குள்ள கையை விட்டவன் எவனோ அவன் சொல்றதுதான் பேச்சு. ஓடாதுன்னு அவன் சொல்லிட்டா, சீஃப் இல்ல, கேப்டனே வந்து நின்னாலும் ஓட்டக் கூடாது. ஒரு தடவை அவரே மீறிட்டாராம். ஏதோ ஒரு துறைமுகம், கப்பல் கிளம்பற அவசரம். ஃபிட்டர் ஒருத்தன், சீஃப் இது தாங்காது, ஓட்டாதீங்கன்னு கெஞ்சியிருக்கான். எனக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்னு இவரு ஓட்டச் சொல்லிட்டாரு. நீராவிப் பைப்பு தெறிச்சு ஒருத்தன் மூஞ்சி வெந்து போச்சு. பொழைச்சுக்கிட்டான், ஆனா மூஞ்சி போச்சு. அன்னிலேர்ந்து கையை விட்டவன் சொல்லாம நான் எதையும் தொடறதில்ல தணிகான்னாரு. சொல்லிட்டு சிரிச்சாரு. அது சிரிப்பு இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுது.

அதுலேர்ந்து ஆறு வருஷம். பதினஞ்சு நாளைக்கு ஒரு ஞாயித்துக்கிழமை. காலைல பத்து மணிக்குப் போவேன். கழுவி முடிக்கப் பதினொண்ணரை. நான் ஒரு வாய் குடிச்சுட்டு, ஓடும் சீஃப்ம்பேன். அப்புறம் ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு கிளாஸ் வெச்சுக்கிட்டு உக்காருவோம். என்னைத் தரையில உக்கார விட மாட்டாரு. அவருக்கு எதிர்ல நாற்காலி போட்டு வெச்சிருப்பாரு. எந்த வீட்டுல தம்பி குழாய் கழுவறவனுக்கு நாற்காலி போடறாங்க? டீ குடுத்தாலே பின்கட்டுல வெச்சுத்தான் குடுப்பாங்க. இவரு என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டு, உன் பொண்ணு எந்த வகுப்பு, உன் முதுகுவலி எப்படி இருக்குன்னு கேப்பாரு. எனக்கு அந்த ஞாயித்துக்கிழமைதான் ஞாயித்துக்கிழமை. மத்ததெல்லாம் சும்மா.

நான் குடிகாரன் இல்ல, கேட்டுக்கங்க. வேலைக்கு ஒரு வாய், சீஃபுக்கு மரியாதைக்கு ஒரு கிளாஸ். அவ்வளவுதான்.

போன வருஷம் தீபாவளி கழிஞ்சு போறேன், சீஃப் செருப்பு வாரை அவுத்து விட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. கால் ரெண்டும் வீங்கியிருக்கு. விரலால அமுக்கிக் காட்டினாரு, அமுக்கின எடத்துல குழி அப்படியே நின்னுச்சு. பாத்தியா தணிகா, ரிட்டர்ன் லைன்ல அடைப்பு, போன தண்ணி திரும்பி வரலைன்னாரு. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. அவருக்கும் வந்துச்சு, ஆனா சிரிச்சதும் மூச்சு வாங்கி ரெண்டு நிமிஷம் பேச முடியல.

இதயம் பெருசாயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாராம். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல எதுவும் உள்ள போகக் கூடாது. தண்ணி, காப்பி, ரசம், மோரு, எல்லாம் சேத்து. உப்பு கூடாது. பீர் சுத்தமா கூடாது. அரசியம்மா ஒரு ஜக்குல கோடு போட்டு வெச்சிருந்தாங்க. சீஃப் எல்லாத்துக்கும் கட்டுப்பட்டாரு. உப்பில்லாம சாப்பிட்டாரு. தினமும் காலைல எடை பாத்து ஒரு நோட்டுல எழுதினாரு, கப்பல்ல எழுதற மாதிரி. எல்லாம் சரி. டேப்பை மட்டும் விடலை. ரெண்டு கிளாஸ், தினமும், அந்த நாற்காலியில உக்காந்து. அரசியம்மா பேசிப் பாத்தாங்க, அழுது பாத்தாங்க. ஒரு நாள் பேரலைத் தூக்கி வெளிய வைக்கறேன்னு அவங்க போனப்ப, இது என் எஞ்சின் ரூம், இங்க நீ கையை வைக்காதன்னு கத்தினாராம். அந்த வீட்டுல அவரு கத்தி நான் கேட்டதே இல்ல.

அப்பதான் அரசியம்மா என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாங்க. கையில டீயைக் குடுத்துட்டு, அண்ணா ஒரு உதவின்னாங்க.

“என்னம்மா?”

“இன்னிக்குக் கழுவி முடிச்சதும், மெஷின் போச்சு, இனிமே ஓடாதுன்னு அப்பாகிட்ட சொல்லிடுங்க. ஒரே ஒரு வார்த்தை. நீங்க சொன்னா கேட்டுக்குவாரு. வேற யார் சொன்னாலும் கேக்க மாட்டாரு.”

“ஓடற மெஷினை எப்படிம்மா...”

“எனக்குத் தெரியும்ணா. பொய்தான். அவருக்காக சொல்லுங்க.”

சரின்னேன். சத்தியமா சொல்லணும்னுதான் போனேன். டீயைக்கூட முழுசா குடிக்கலை.

கழுவறப்ப எல்லாம் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டேன். சீஃப், இது இனிமே ஓடாது. சீஃப், பார்ட்ஸ் கிடைக்காது, கம்பெனியே நிறுத்திட்டான். எல்லாம் தயார். ஒரு கிளாஸ் ஊத்தினேன். ஒரு வாய் குடிச்சேன். அவரு கிளாஸை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. ஒரு குமிழி கண்ணாடியில ஒட்டலை, அழுக்கு இருந்தாத்தான் ஒட்டும். நுரை வளையம் வளையமா நிக்குது. இந்த ஊர்லயே இப்படி ஒரு டேப்பு கிடையாது தணிகான்னாரு. அப்புறம் கேட்டாரு, ஓடுமான்னு.

ஓடும் சீஃப்னேன்.

நீங்களே சொல்லுங்க. அப்படிச் சொன்ன மனுஷன்கிட்ட வேற என்ன சொல்றது? வெளிய வந்து அரசியம்மாகிட்ட, அடுத்த தடவை கண்டிப்பா சொல்றேம்மான்னேன். தலையை ஆட்டினாங்க.

அடுத்த தடவை நான் ஒரு யோசனை பண்ணிட்டுப் போனேன். எனக்குப் பொய் சொல்ல வராது, அது என் குணம். அதனால நிஜமாவே கெடுத்துடலாம்னு பாத்தேன். பையில ஒரு பழைய வாஷர் வெச்சிருந்தேன், வெடிச்சது. டேப்பைக் கழட்டினப்ப நல்லதை எடுத்துட்டு அந்த வெடிச்சதைப் போட்டு முடுக்கினேன். சீஃப் அப்ப பாத்ரூம் போயிருந்தாரு, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா நடந்து. பேரலை மாட்டினேன். சொட்ட ஆரம்பிச்சுது. டேப்பு மூக்குலேர்ந்து சொட்டு சொட்டா கீழ தட்டுல விழுது. அவரு வந்து பாத்தா நான் உதட்டைப் பிதுக்கினா போதும்.

பாத்துக்கிட்டே இருந்தேன் தம்பி. ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு, மூணு சொட்டு. என் டேப்பு சொட்டுது. இருபத்திரெண்டு வருஷத்துல என் கையிலேர்ந்து போன டேப்பு ஒண்ணு சொட்டினதில்ல. பாத்ரூம் தாழ்ப்பாள் திறக்கற சத்தம் கேட்டுச்சு. என் கை தானா ஸ்பேனரை எடுத்துடுச்சு. அவரு நடந்து வர்றதுக்குள்ள நல்ல வாஷரைப் போட்டு முடுக்கிட்டேன். வேர்த்து ஊத்துது எனக்கு. என்னடா மூஞ்சி ஒரு மாதிரி இருக்குன்னாரு. ஒண்ணும் இல்ல சீஃப், குனிஞ்சே இருந்தேன்ல, முதுகுன்னேன். ஓடுமான்னாரு. ஓடும்னேன். அரசியம்மா அடுக்களை வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாங்க. நான் அந்தப் பக்கம் பாக்கலை.

மூணாவது தடவைதான் கடைசித் தடவை. அன்னிக்கு அவரு நாற்காலியிலேர்ந்து எந்திரிக்கவே இல்ல. கால்ல துணி சுத்தியிருந்தாங்க, தோல்லேர்ந்து தண்ணி கசியுதுன்னு. நான் கழுவறதை மட்டும் வெச்ச கண்ணு வாங்காம பாத்துக்கிட்டு இருந்தாரு. ஒரு வாய் குடிச்சேன். அவரு கேட்டாரு.

“ஓடுமா தணிகா?”

“ஓடும் சீஃப்.”

வழக்கமா அதோட முடிஞ்சுடும், கையை நீட்டுவாரு. அன்னிக்கு நீட்டலை.

“நல்லாப் பாத்தியா?”

“பாத்துட்டேன் சீஃப்.”

“அவசரப்படாத. இன்னொரு தடவை பாத்துச் சொல்லு. ஏதாச்சும் கோளாறு இருந்தா சொல்லிடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எதுவா இருந்தாலும் சொல்லு.”

எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு தம்பி. மறைக்கறதுக்கு என்ன இருக்கு? ஆறு வருஷமா கழுவறேன், என் வேலை மேல சந்தேகமா? உடம்பு முடியாதவரு, பேசிட்டுப் போறாருன்னு விட்டிருக்கலாம். எனக்கு ரோஷம் வந்துடுச்சு. பேரலைக் கழட்டினேன். டேப்பைத் திரும்பவும் பிரிச்சேன். ஒவ்வொரு வாஷரா எடுத்து அவரு மடியில ஒரு வெள்ளைத் துண்டை விரிச்சு அது மேல வெச்சேன். ட்யூபைக் கழட்டி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுக் காட்டினேன். பாருங்க சீஃப், ஒரு தூசி காட்டுங்க, ஒரே ஒரு தூசி காட்டுங்க, இந்த வேலையையே விட்டுடறேன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன்.

அவரு துண்டைப் பாக்கலை. என்னைத்தான் பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு. சரிடா, உன் டேப்புல ஒண்ணும் இல்ல, ஊத்துன்னாரு. நான் திரும்ப எல்லாத்தையும் மாட்டி ஊத்தினேன். அவரு குடிச்சாரு, நானும் குடிச்சேன். அன்னிக்கு என்னத்தைப் பேசினோம்னு எனக்கு ஞாபகம் இல்ல. நான் இன்னும் உம்முன்னுதான் இருந்தேன்.

ஒம்பதாம் நாள் போயிட்டாரு.

நாங்க அந்த வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தறப்பவே ஊர்க்காரங்க கூட்டம். கப்பல்காரங்க நாலஞ்சு பேரு வந்திருந்தாங்க. என் சம்சாரமும் வந்தா, அவளுக்கு அவரைத் தெரியாது, என் மூஞ்சியைப் பாத்துட்டு வந்தா. நான் கடைசியில நின்னேன். எனக்கு அழுகை வந்துச்சு, ஆனா அங்க என்ன முறைன்னு அழறது? குழாய் கழுவறவன். அவருக்கு நீ யாருன்னு கேட்டா என்ன சொல்லுவேன்? துண்டை வாயில வெச்சுக்கிட்டேன்.

பதினாறு முடிஞ்சதும் அரசியம்மா போன் பண்ணாங்க. அண்ணா, அந்த மெஷினைக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிடுங்க, எனக்கு அதைப் பாக்க முடியலைன்னாங்க. போனேன். அவரு நாற்காலி அங்கயே இருந்துச்சு, எனக்குப் போடற நாற்காலியும் இருந்துச்சு. கேஸை மூடினேன். பாதிப் பேரல் மிச்சம் இருந்துச்சு. அதை வாஷ்பேசின்ல கொட்டறப்ப அவங்க பக்கத்துல வந்து நின்னாங்க.

“அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருக்கலாம்னுதான் பாத்தேன். முடியல.”

“சொல்லும்மா.”

“நான் உங்ககிட்ட பொய் சொல்லச் சொன்னது அப்பாவுக்குத் தெரியும். அன்னிக்கே நானே சொல்லிட்டேன். எனக்கு அவர்கிட்ட எதையும் மறைச்சுப் பழக்கமில்ல.”

நான் பேரலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்.

“திட்டுவாருன்னு நெனச்சேன். திட்டலை. நானா நிறுத்தணும்னுதான் பாக்கறேன், என்னால முடியலம்மான்னாரு. தணிகா வாயால வரட்டும். அவன் ஓடாதுன்னு சொன்னா அன்னியோட சரி, நான் தொட மாட்டேன். ஆனா எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லிடாத, தெரிஞ்சு அவன் சொன்னா அது நாடகமாயிடும்னாரு. நீங்க வர்ற ஒவ்வொரு தடவையும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தாரு.”

அப்புறம் அவங்க சொன்னாங்க, நான் கடைசியா வந்துட்டுப் போனப்புறம் சீஃப் அவங்களைக் கூப்பிட்டு, அவன் ஓடும்ங்கறான்மா, நான் என்ன பண்றதுன்னு கேட்டாராம். சிரிச்சுக்கிட்டே கேட்டாராம்.

“உங்க மேல தப்பு ஒண்ணும் இல்லண்ணா. உங்களுக்குத் தெரியாதுதானே.”

அதைத்தான் தம்பி என்னால தாங்க முடியல. நீதான் என் அப்பனைக் கொன்னன்னு கத்தியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். எழுபத்தொரு வயசும்மா, இதயம் பெருசானவரு, ரெண்டு கிளாஸ் பீரா அவரைக் கொன்னுச்சுன்னு கேட்டிருப்பேன். டாக்டரே அப்படி ஒண்ணும் சொல்லலை. என் லைன்லேர்ந்து போன பீர்ல ஒரு கசடு கிடையாது, ஒரு வாடை கிடையாது. தப்பு இல்லைன்னு சொன்னா நான் என்ன பதில் சொல்றது?

அவங்க என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல? அப்பாவுக்குத் தெரியும், அவரு அந்த வார்த்தைக்குத்தான் காத்திருக்காருன்னு ஒரு கோடு காட்டியிருக்கலாம் இல்ல? டீச்சர் வேலை பாக்கறவங்க. படிச்சவங்க. எனக்கு அதுதான் வருத்தம். சும்மா பொய் சொல்லு, பொய் சொல்லுன்னா எப்படி வரும்? அந்தப் பொய்யைச் சொல்லிட்டா எனக்கு அந்த வீட்டுல என்ன வேலை? மெஷின் இல்லாத வீட்டுக்கு மெஷின் கழுவறவன் எதுக்குப் போவான்? எந்த நாற்காலியில உக்காருவான்? இல்ல, நான் அதுக்காகத்தான் சொல்லாம விட்டேன்னு நெனச்சுடாதீங்க. அதுக்காக இல்ல. வேலைன்னு ஒண்ணு இருக்குது. ஓடறதை ஓடுதுன்னுதானே சொல்லணும்?

அத்திப்பள்ளி வந்துடுச்சு, பாருங்க.

இன்னிக்கு எங்க போயிட்டு வர்றேன்னு கேளுங்க. சர்ஜாபூர் ரோட்டுல ஒரு அபார்ட்மெண்ட், ஒம்பதாவது மாடி. கல்யாணமாகி ஒரு வருஷமான ஜோடி. அந்தப் பையனுக்கு முப்பது வயசு இருக்கும், காலைல ஓடப் போறவன், கட்டுமஸ்தா இருப்பான். எப்பவாச்சும் சிநேகிதங்க வந்தா டேப்பைத் திறப்பாங்க, அவ்வளவுதான். எனக்கு நல்ல கஸ்டமரு. சீஃப் போனப்புறம் நான் வேலைக்குப் போன முதல் வீடு. இந்த அஞ்சு வாரமா பையையே தொடலை. சம்சாரம்தான், போய்ட்டு வாய்யா, வீட்டுலயே உக்காந்து என்ன பண்றன்னு தள்ளி விட்டா. அந்த சிங்க் அடைப்பைக்கூட எடுத்துட்டேன், வேற வேலை இல்லாம.

கழுவினேன். எல்லாம் முறையா. காஸ்டிக் இருபது நிமிஷம், தண்ணி, காகிதம். டேப்பைப் பிரிச்சு பிரஷ் போட்டேன். மாட்டினேன். ஒரு கிளாஸ் ஊத்தி ஒரு வாய் குடிச்சேன். நல்லா இருந்துச்சு. எந்தக் குறையும் இல்ல.

அந்தப் பையன் போனைப் பாத்துக்கிட்டே கேட்டான், என்ன அங்கிள், ஓகேவான்னு.

ஓடாதுன்னேன்.

நான் சொல்லலை தம்பி, வாயில வந்துடுச்சு. அவன் போனை வெச்சுட்டு, என்ன ஆச்சு அங்கிள்னான். ஓடாது, இனிமே இது ஓடாது, விட்டுடுங்கன்னேன். அந்தப் பொண்ணும் உள்ளேர்ந்து வந்துச்சு. என்ன பிரச்சினை, புது மெஷின்தானேன்னு கேட்டுச்சு. அவன் ஒரு கிளாஸைப் பிடிச்சு டேப்பைத் திறந்தான். திறந்தா பளபளன்னு ஊத்துது. நுரை ரெண்டு விரக்கடை உயரத்துக்கு எழும்பி நிக்குது, ஒரு குமிழி கண்ணாடியில ஒட்டலை. நல்லாத்தானே வருது அங்கிள்னு என் மூஞ்சியைப் பாத்தான். நல்ல பையன். உடம்பு சரியில்லையா, உக்காருங்கன்னு நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் உக்காரலை. அவன் கையிலேர்ந்து கிளாஸை வாங்கிக்கிட்டேன். வாங்கிக்கிட்டு, அந்தப் பையன் மூஞ்சியைப் பாத்துத் திரும்பவும் சொன்னேன், ஓடாது சீஃப், விட்டுடுங்கன்னு.